கப்பலுக்கு மூட்டை கட்டும் அக்காவுக்கு

ஈசூன், சிங்கப்பூர்
ஞாயிறு மாலை

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

இங்கு நாங்கள் நலம். அங்கு பெங்களூருவில் தொம்மலூர் மேம்பாலம், அதன் மேல் நிற்கும் வண்டிகள், அந்த வண்டிகளுக்குள் உட்கார்ந்திருக்கும் நம் சொந்தக்காரர்கள் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன்.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய சாமான் பட்டியல் வந்து சேர்ந்தது. மின்சாரக் குக்கர், பொன்னி அரிசி, இஸ்திரிப் பெட்டி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், கொடிக்கயிறு, ஆறு துண்டு, சுவாமி படம், அகல் விளக்கு, ஊதுபத்தி, தேங்காய் உடைக்க ஒரு கத்தி. தொம்மலூரிலிருந்து அலசூருக்குக் குடி போகிறவர்கள்கூட இவ்வளவு ஏற்றமாட்டார்கள். நீங்கள் போகப்போவது நான்கு இரவு. சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டு மறுபடி சிங்கப்பூரிலேயே இறங்கப் போகிறீர்கள். உன் பட்டியலைச் சிவப்புப் பேனாவால் திருத்தி அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன். மிஞ்சியது சுவாமி படம் மட்டும்தான். அதனால் கடிதமாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் தீ சமாசாரம். கப்பல்காரனுக்குக் கடலைவிட நெருப்பிடம்தான் பயம் அதிகம். நடுக்கடலில் தீயணைப்பு வண்டி வராது, இறங்கி ஓடத் தெருவும் கிடையாது. நம் ஊர்க்காரர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. மெட்ராஸுக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிக்கொண்டிருந்த எம்.வி. சிதம்பரம் கப்பலில் 1984-இல் தீப்பிடித்துப் பல பேர் செத்துப்போனார்கள். அந்தக் கப்பலின் கதையும் அதோடு முடிந்தது. அதனால் குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி, மெழுகுவத்தி, ஊதுபத்தி எல்லாமே தடை. துறைமுகத்தில் எக்ஸ்ரேயில் பெட்டியைப் பார்ப்பார்கள். பிடிபட்டால் சீட்டு ஒட்டி எடுத்து வைத்துக்கொண்டு, திரும்பி வரும்போதுதான் தருவார்கள். மாமா அங்கே நின்று ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி’ என்றால் சோதனை செய்யும் பிலிப்பைன்ஸ் பெண் அழகாகச் சிரிப்பாள். குக்கர் மட்டும் வராது.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் அதே கணக்குத்தான். கப்பலின் மின் இணைப்பு வீட்டு இணைப்பு மாதிரி இல்லை. சர்ஜ் புரொடக்டர் வைத்த பலகைகள் அதில் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும் என்பதால் பிடுங்கிக்கொள்வார்கள். ஒரு யுனிவர்சல் அடாப்டரும், இரண்டு மூன்று யு.எஸ்.பி. ஓட்டை உள்ள சார்ஜர் ஒன்றும் போதும். அறையில் இருப்பது பெரும்பாலும் அமெரிக்கத் தட்டைப் பின்னும் ஐரோப்பிய உருண்டைப் பின்னும்தான். நம்ம ஊர் மூன்று கால் பிளக் எதிலும் நுழையாது. பவர் பேங்கைப் பெரிய பெட்டிக்குள் போடாதே. விமானத்தில் அது கைப்பையில்தான் வரவேண்டும். கற்பூரமும் கொப்பரையும் விமானத்திலேயே ஏறாது. சொக்கப் பெருமாள் கோயிலில் தேங்காயைத் தொம்மலூரிலேயே உடைத்துவிட்டு வா. சோழர் காலத்திலிருந்து, தமிழ்க் கல்வெட்டோடு, அந்தத் தெருவிலேயே நிற்கும் பெருமாள், கப்பலில் கற்பூரம் காட்டவில்லை என்றா கோபித்துக்கொள்வார்?

இப்போது கொண்டுவர வேண்டியவை. எல்லாவற்றிலும் முக்கியமானது தோளில் மாட்டும் பை. மரினா பே கப்பல் முனையத்தில் பெரிய பெட்டியை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஆயிரக்கணக்கான பெட்டிகளைப் பிரித்து அறைவாசலுக்குக் கொண்டுவருவதற்குள் சாயங்காலம் ஆகிவிடும், சில சமயம் ராத்திரிச் சாப்பாட்டு நேரமே வந்துவிடும். அதுவரை உங்களிடம் இருப்பது தோள்பையில் இருப்பதுதான். பாஸ்போர்ட், விசா, போர்டிங் பேப்பர், மாமாவின் சுகர், பிரஷர் மாத்திரைகள், உன் மூக்குக் கண்ணாடி, ஒரு மாற்றுத் துணி, போன் சார்ஜர் எல்லாம் இதற்குள் இருக்கட்டும். மாத்திரைகளை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கொண்டுவா. டப்பாவில் கொட்டிக் கலந்து வைக்கும் நம்ம வீட்டுப் பழக்கம் வேண்டாம். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்குச் சிங்கப்பூரில் முன் அனுமதி வேண்டும்.

பேப்பர் விஷயத்தில் ஒரு சூட்சுமம். நீங்கள் சிங்கப்பூருக்கு இரண்டு தடவை வருகிறீர்கள், விமானத்தில் ஒரு முறை, கப்பலில் ஒரு முறை. ஆகவே விசா பலமுறை நுழைவு விசாவா என்று பார்த்துக்கொள். வருகை அட்டையையும் இணையத்தில் ஒவ்வொரு வருகைக்கும் முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அதற்குக் காசு கிடையாது. காசு கேட்கும் வலைத்தளம் என்றால் அது அரசாங்கத்துடையது இல்லை. மலேசியா 2023 டிசம்பரிலிருந்து நம் சுற்றுலாக்காரர்களிடம் விசா கேட்பதில்லை. ஆனாலும் மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் எந்தப் படிவம் வேண்டும் என்று புறப்படும் வாரத்தில் ஏஜெண்டிடம் மறுபடி கேட்டுவிடு. விதி அடிக்கடி மாறுகிறது.

அடுத்தது, எந்த ஆங்கிலப் புத்தகமும் எந்த யூடியூப் வீடியோவும் சொல்லாத ஒரு சாமான். வெட்கப்படாமல் எழுதுகிறேன், மாமாவும் வெட்கப்படாமல் படிக்கட்டும். பிளாஸ்டிக் சொம்பு. ஐயாயிரம் பேர் ஏறும் சில கப்பல்களில் பனிச்சறுக்கு மைதானம்கூட உண்டு, கழிப்பறையில் மட்டும் தண்ணீர்க் குழாய் கிடையாது. காகிதச் சுருளைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். விமானத்தில் இருப்பதுபோல் உறிஞ்சி இழுக்கும் கக்கூஸ் அது. பொத்தானை அழுத்தினால் ஒரு சத்தம் வரும், முதல் தடவை நீ அலறப் போகிறாய். மூக்கு நீண்ட சின்னச் சொம்பு ஒன்று கைப்பிடியோடு சிவாஜிநகரில் கிடைக்கும். அதற்குள் காலுறைகளைத் திணித்துப் பெட்டியில் வைத்தால் இடமும் அடைக்காது. தமிழன் கடல் கடந்து போய் மானத்தோடு வாழ அவசியமான சாமான் அது ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம்.

கப்பலின் அறை சின்னது, ஆனால் சுவர் இரும்பு. காந்தக் கொக்கி நான்கு வாங்கிக்கொள். சுவரில் ஒட்டவைத்துத் தொப்பி, பை, ஈரத்துண்டு எல்லாவற்றையும் மாட்டலாம். பால்கனியில் கொடி கட்டித் துணி காயப்போடக் கூடாது. போட்டால் மாமாவின் பனியன் மலாக்கா நீரிணையில் இந்தோனேசியாவைப் பார்த்துப் போய்விடும். குளியலறைக்குள்ளேயே இழுத்து மாட்டும் சின்னக் கயிறு இருக்கும். துண்டு கப்பலில் கொடுப்பார்கள், ஆறு துண்டையும் அலமாரியில் வை.

துணி விஷயம். வெளியே பூமத்திய ரேகை வெயில், உள்ளே ஊட்டி. நாடக அரங்கில் ஏசியை எந்த மகராசன் திருப்பி வைத்தானோ தெரியாது. பெங்களூரு மார்கழிக்கு எடுக்கும் ஸ்வெட்டரும் சால்வையும் இங்கே உதவும். மாமா குரங்குக் குல்லாவையும் எடுத்து வரட்டும், ஆனால் போட்டோ எடுக்கும்போது கழற்றச் சொல். ஒரு ராத்திரி எல்லோரும் கோட்டு சூட்டில் வருவார்கள். அதற்கென்று எதையும் வாங்காதே. உன் மைசூர் சில்க் ஒன்று போதும், மொத்த ஹாலும் திரும்பிப் பார்க்கும். மாமா வேட்டி கட்டிச் சட்டையை உள்ளே விட்டால் கேப்டனே கைகுலுக்குவார். லுங்கி அறைக்குள் மட்டும். நீச்சல் குளத்தில் புடவையோடும் சுடிதாரோடும் இறங்க விடமாட்டார்கள், நீச்சல் உடை ஒன்று வாங்கிக்கொள். உடம்பு முழுக்க மூடுகிறதே கிடைக்கிறது, கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் கேட்டுப் பார்.

சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். நம்மவர்கள் ஏறாத கப்பல் இப்போது இல்லை என்பதால் சாதம், பருப்பு, சைவக் குழம்பு என்று ஏதாவது இருக்கும். புக் பண்ணும்போதே சைவம் என்று எழுதிக் கொடுக்கச் சொல். வீட்டில் செய்த புளியோதரை, இட்லி பாத்திரம் எல்லாம் துறைமுகத்திலேயே நின்றுவிடும். கடையில் வாங்கிப் பிரிக்காத பாக்கெட் என்றால் பொதுவாக விடுவார்கள். கோடுபலே, நிப்பட்டு, காங்கிரஸ் கடலை என்று ஒவ்வொரு பாக்கெட், ஒரு ஊறுகாய் பாட்டில், வெந்நீர் ஊற்றினால் ஆகிவிடும் எம்.டி.ஆர். உப்புமா இரண்டு. வெந்நீர் பஃபே ஹாலில் எந்நேரமும் கிடைக்கும். சாப்பிடப் போகும்போது வாசலிலேயே கை கழுவச் சொல்லிப் பாட்டுப் பாடுவார்கள். கழுவிவிடு. நெரிசலான கப்பலில் வயிற்றுப்போக்குக் கிருமி ஒன்று புகுந்தால் பாதிக் கப்பல் படுத்துவிடும்.

தலைசுற்றலைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் மலேசியா, நடுவில் மலாக்கா நீரிணை. பெரும்பாலும் சாதுவான கடல். இருந்தாலும் காது ‘ஆடுகிறோம்’ என்று சொல்லும், கண் ‘ஆடவில்லை’ என்று சொல்லும், வயிறு நடுவில் மாட்டிக்கொள்ளும். அப்போது அறைக்குள் படுத்துக்கொண்டு போனைப் பார்க்காதே. மேல்தளத்துக்குப் போய்த் தொடுவானத்தைப் பார். இஞ்சி முறப்பா ஒரு பொட்டலமும், டாக்டரிடம் கேட்டு ஒரு மாத்திரையும் வைத்துக்கொள். இன்னும் அறை ஒதுக்கவில்லை என்றால் கீழ்த்தளத்தில் நடுப்பகுதியாகக் கேள், அங்கேதான் ஆட்டம் குறைவு.

மாமாவுக்குத் தனியாக ஒன்று. மாமா, பீரோவில் இருக்கும் எச்.எம்.டி. கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக் கட்டிக்கொண்டு வாருங்கள். நம்ம ஊரில் செய்த கடிகாரம்தான் புக்கெட்டில் உங்களைக் காப்பாற்றப் போகிறது. தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி பின்னால். கரையேறியதும் போன் தானாக மாறிக்கொள்ளும், கப்பலோ பல சமயம் சிங்கப்பூர் நேரத்திலேயே இருக்கும். போனை நம்பி ஒரு மணி நேரம் கூடுதலாக இளநீர் குடித்தால் கப்பல் போய்விடும். தனியாகச் சுற்றுகிறவர்களுக்காகக் கப்பல் நிற்காது. ஏறியதும் போனை விமான நிலைக்கு மாற்றிவிடுங்கள். கடலில் கப்பலின் செயற்கைக்கோள் டவரைப் பிடித்துக்கொண்டால், அடுத்த மாத பில்லில் இன்னொரு டிக்கெட் எடுக்கலாம். உள்ளே ரொக்கம் செல்லாது, ஓர் அட்டைதான் சாவி, அதுதான் பர்ஸ். கணக்கு பெரும்பாலும் அமெரிக்க டாலரில் ஓடும். கழுத்தில் மாட்ட ஒரு நாடா கொண்டுவாருங்கள்.

முதல் நாள் பாதுகாப்புப் பயிற்சிக்கு அழைப்பார்கள். ஏழு சின்ன ஊதல், ஒரு நீண்ட ஊதல் கேட்டால் எந்த இடத்தில் கூட வேண்டும் என்று காட்டுவார்கள். பஃபேயை விட்டுவிட்டு முதலில் அதற்குப் போங்கள். 2012 ஜனவரியில் இத்தாலியில் கோஸ்டா கன்கார்டியா என்ற கப்பல் பாறையில் மோதியபோது, அன்று ஏறியவர்களில் பல பேருக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான், கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று விதி மாறியது.

அக்கா, உன் பட்டியலை எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருக்கும் நாகப்பட்டினத்துப் பெரியவரிடம் காட்டினேன். சின்னப் பையனாக ராஜூலா கப்பலில் வந்தவர் அவர். 1926-இல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல், எழுபதுகளின் தொடக்கம் வரை மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று நம்மவர்களை ஏற்றி இறக்கியது. டெக் பாசஞ்சருக்கு அறை கிடையாது, பாயை விரித்த இடம்தான் வீடு. தகரப்பெட்டி, பாய், தண்ணீர்க் கூஜா, ஊறுகாய் ஜாடி. அவ்வளவுதான் அவர்கள் குடும்பத்தின் சாமான், அதுவும் திரும்புவோமா என்று தெரியாமல் போகிறவர்களின் சாமான். உன் பட்டியலைப் படித்து முடித்துவிட்டுப் பெரியவர் கேட்டது ஒரே கேள்வி: “தம்பி, உங்க அக்கா அங்கேயே தங்கிடப் போறாங்களா?”

பினாங்கில் கப்பல் ஸ்வெட்டன்ஹாம் துறையில் நிற்கும். அங்கிருந்து லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போகலாம். குயின் ஸ்ட்ரீட்டில் 1833-இல் கட்டிய மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது. அங்கே கற்பூரம் காட்டுவார்கள், உன் மனக்குறையும் தீரும். மடக்குக் குடை, தண்ணீர் பாட்டில், வழுக்காத செருப்பு மூன்றும் பையில் இருக்கட்டும். கப்பலிலிருந்து ஆப்பிளும் வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு கரை இறங்காதே, பிடித்தால் அபராதம்.

ஆக, ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு தோள்பை. அதற்கு மேல் எதுவும் வேண்டாம். ஈசூனிலிருந்து சிவப்பு ரயில் மாறாமல் நேரே மரினா சவுத் பியர் வரை போகும், நானே வந்து ஏற்றிவிடுகிறேன். பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் விசாவையும் போட்டோ எடுத்து இந்த வாரமே எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் தம்பி

பி.கு. எங்கள் வீட்டுக்கென்று மசாலா சாமான் கட்டும்போது கசகசாவை விட்டுவிடு. சிங்கப்பூரில் அது போதைப்பொருள் பிரிவின் கணக்கில் வருகிறது. சூயிங்கம்முக்கும் மாமாவின் வாய்ப் புகையிலைக்கும் இங்கே தடைதான், மூன்றும் தொம்மலூரிலேயே இருக்கட்டும். சிக்கரி கலந்த காபித்தூளுக்குத் தடை எதுவும் இல்லை. அரைக் கிலோ போதும், ஒரு கிலோ என்றாலும் மறுக்கமாட்டேன்.