ஒரு கையெழுத்தும் ஒரு சுல்தானின் தலையெழுத்தும்

இந்த வாரக் கேள்விகள் ஆயர் ஈத்தாம் வட்டாரத்திலிருந்து. எல்லாமே அரசர், புரட்சி பற்றியவை. பயப்படாதீர்கள், பேசப்போவது வரலாறு. வம்பு வேறு பக்கத்தில்.

பள்ளி மாணவி, ஆயர் ஈத்தாம்: அரசருக்கு எதிராகப் புரட்சி ஏன் வருகிறது? பசியாலா?

பசித்தவர்கள் எல்லாம் புரட்சி செய்வதென்றால் உலகத்தில் ஓர் அரண்மனைகூட மிஞ்சியிருக்காது. பசி ஆளைத் தெருவுக்குக் கொண்டுவரும். அரண்மனை வாசல்வரை கூட்டிப்போவது 'ஏமாற்றிவிட்டாரே' என்ற கோபம். பிரான்சில் கஜானா காலி. புது வரிக்கு ஒப்புதல் வேண்டும் என்று 1614க்குப் பிறகு கூடாத சபையை 1789இல் பதினாறாம் லூயியே கூட்டினார். அதற்கு முந்தைய ஆண்டு விளைச்சல் கெட்டு ரொட்டி விலை ஏறியிருந்தது. அக்டோபரில் வெர்சாய் அரண்மனைக்கு நடந்துபோன பாரிஸ் பெண்கள்கூட அவர் தலையைக் கேட்கவில்லை. ரொட்டி கேட்டார்கள், அரசரைத் தங்களோடு பாரிசுக்கு வரச்சொன்னார்கள். தலை போனது 1793இல். 1791இல் அவர் குடும்பத்தோடு இரவில் தப்பியோடிப் பிடிபட்டாரே, நம்பிக்கை போனது அன்றுதான்.

மண்பாண்டக் கடைக்காரர், ஆயர் ஈத்தாம்: பாரிஸ் இருக்கட்டும். எங்கள் ஊர்ப் பக்கம் இப்படி ஏதாவது நடந்ததுண்டா?

நூலிழையில் தப்பியது! உங்கள் ஊர் பத்து பகாட் மாவட்டத்தில் இருக்கிறது. 1945இல் ஜப்பான்காரன் போன கையோடு அந்த மாவட்டத்துக்கு அதிகாரியாக இருந்தவர் ஓன் பின் ஜாபார். அப்போது அங்கே மலாய்க்காரர்களும் சீனர்களும் வெட்டிக்கொண்டு கிடந்தார்கள். மலாய்க்காரர் பக்கம் நின்ற கியாய் சாலேயிடம் பேசி, வெட்டை நிறுத்தியதில் ஓனுக்குப் பெரிய பங்கு. அதே ஓன் 1946 ஜனவரியில் பத்து பகாட்டில் தீபகற்ப மலாய் இயக்கத்தைத் தொடங்கினார். கம்போங் கம்போங்காக ஆள் சேர்ந்தது. அந்த அசைவு தொடங்கியது உங்கள் மாவட்டத்தில்.

லாரி ஓட்டுநர், யோங் பெங்: எதற்காக அந்த இயக்கம்?

ஒரு கையெழுத்துக்காக. போர் முடிந்ததும் ஒன்பது மலாய் மாநிலங்களையும் பினாங்கு, மலாக்காவையும் ஒரே ஆட்சியாகக் கட்டிப்போட லண்டன் திட்டமிட்டது. பெயர் மலாயன் யூனியன். சுல்தான்களின் இறையாண்மை பிரிட்டிஷ் மகுடத்துக்குப் போய்விடும். அதற்கு ஒப்புதல் வாங்க சர் ஹெரால்ட் மெக்மைக்கேல் வந்தார். ஜப்பானியர் காலத்தில் யார் எப்படி நடந்துகொண்டார்கள் என்று விசாரிக்கும் அதிகாரமும் அவர் பையில் இருந்தது. புரிகிறதல்லவா, பேனாவை நீட்டும்போதே மிரட்டலும் சேர்ந்து வந்தது. முதல் கையெழுத்து ஜொகூர் சுல்தான் இப்ராகிமுடையது, 1945 அக்டோபர் 20. டிசம்பர் முடிவதற்குள் ஒன்பது பேரும் போட்டுவிட்டார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், குளுவாங்: ஒன்பது பேரும் கையெழுத்திட்டார்கள். ஜொகூரில் மட்டும் ஏன் அத்தனை ஆத்திரம்?

நல்ல கேள்வி, ஐயா. ஜொகூருக்கு 1895இலேயே எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டம் இருந்தது. சுல்தான் அபு பாக்கார் கொடுத்தது. நாட்டை எந்த அந்நிய அரசுக்கும் ஒப்படைக்கக் கூடாது என்று அதில் ஆட்சியாளரின் கையையே கட்டியிருந்தார்கள். கொடுத்தவர் தந்தை, மீறியவர் மகன். ஆகவே கோபப்பட்டவர்கள் கலகக்காரர்கள் அல்லர். சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு 'நீங்கள்தான் மீறினீர்கள்' என்று விரலை நீட்டிய விசுவாசிகள். 1946 பிப்ரவரி 1, வெள்ளிக்கிழமை. ஜொகூர் பாரு சுல்தான் அபு பாக்கார் பள்ளிவாசலில் கூடிய கூட்டத்தில் சுல்தானுக்கு எதிராகவே முழக்கம் எழுந்தது. அவரைப் பதவியிலிருந்து இறக்குவது பற்றியும் பேச்சு அடிபட்டது. தந்தை பெயரால் எழுந்த பள்ளிவாசலில் மகனுக்கு எதிராகக் குரல்! மலாய் மண்ணில் அதுவரை நினைத்தும் பார்க்காத ஒன்று.

புதுமணப் பெண், பத்து பகாட்: ஓன் சுல்தானுக்கு நண்பரா, எதிரியா?

இரண்டும், அம்மா. தந்தை ஜாபார் ஜொகூரின் முதல் மந்திரி பெசார் (தலைமை அமைச்சர்), ஆக ஓன் அரண்மனை வீட்டுப் பிள்ளை. சுல்தானைக் குறை சொல்லி எழுதியதற்காக 1927இல் அவரையே நாடு கடத்தினார்கள். சிங்கப்பூரில் உட்கார்ந்து பத்திரிகை நடத்தினார். 1936இல்தான் திரும்ப அழைத்தார்கள். பழி தீர்க்க 1946ஐவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? தீர்க்கவில்லை. மக்களின் கோபத்தைச் சிம்மாசனத்தின் பக்கமிருந்து லண்டன் பக்கம் திருப்பினார்.

அதே பெண்: எப்படித் திருப்பினார்?

படிப்படியாக, மூன்று மாதத்தில். மார்ச் 1 முதல் 4 வரை கோலாலம்பூர் கம்போங் பாருவில், சுல்தான் சுலைமான் கிளப்பில் மலாய்ச் சங்கங்களின் மாநாடு. திறந்து வைத்தவர் சிலாங்கூர் சுல்தான். ஏப்ரல் 1 அன்று புது கவர்னர் எட்வர்ட் ஜெண்ட் பதவியேற்பு. அதற்காகச் சுல்தான்கள் கோலாலம்பூர் ஸ்டேஷன் ஹோட்டலில் வந்து தங்கியிருந்தார்கள். போனீர்களானால் மக்கள் உங்களைக் கைவிட்டுவிடுவார்கள் என்று ஓன் அவர்களிடம் நேரே சொன்னார். வெளியே பெருங்கூட்டம். தலையில் அணிந்த சொங்கோக்கில் துக்கத்துக்கு அடையாளமாக வெள்ளைத் துணி. சுல்தான்கள் விழாவுக்குப் போகவில்லை. ஜொகூர் சுல்தானும் தம் சம்மதத்திலிருந்து பின்வாங்கினார். மே 11 அன்று மலாய்க்காரர்களின் கட்சியான அம்னோ பிறந்த இடம் எது தெரியுமா? ஜொகூர் பாருவில் அந்தச் சுல்தானின் இஸ்தானா பெசார் அரண்மனையேதான்! பிப்ரவரியில் 'இறங்கு' என்று குரல் எழுந்தது, மே மாதம் அரண்மனைக் கதவே திறந்தது. பள்ளிவாசல் கூட்டம் நடந்து சரியாக இரண்டாண்டு, 1948 பிப்ரவரி 1. அன்று யூனியன் போய் மலாயாக் கூட்டரசு வந்தது.

பெட்ரோல் நிலையப் பணியாளர், ஆயர் ஈத்தாம்: சுல்தான் பின்வாங்காமல் இருந்திருந்தால்?

கடலுக்கு அந்தப் பக்கம் பாருங்கள். கோலாலம்பூரில் மாநாடு நடந்த அதே மார்ச் முதல் வாரத்தில் கிழக்கு சுமத்ராவில் அரச குடும்பங்களைத் தேடித் தேடி வெட்டினார்கள். அங்கே சுல்தான்கள் டச்சுக்காரருக்குப் புகையிலை, ரப்பர்த் தோட்டங்களுக்கு நிலம் விட்டுப் பணக்காரர்கள் ஆனவர்கள். இந்தோனேசியக் குடியரசு வந்த பிறகும் டச்சுக்காரர் திரும்பி வருவாரென்று காத்திருப்பதாகச் சந்தேகம். லங்காட் இளவரசர், பெருங்கவிஞர் அமிர் ஹம்சாவையும் மார்ச் 20 அன்று கொன்றார்கள். அவர் குடியரசின் பக்கம் நின்றவர்! கோபம் குடும்பப் பெயரைப் பார்க்கும், மனிதரைப் பார்க்காது. பின்னால் 1975இல் அவரைத் தேசிய வீரர் என்று அறிவித்தது இந்தோனேசியா. தலையை எடுத்துவிட்டுத் தலைப்பாகை கட்டியதைப் போல.

இங்கேயும் சுல்தான்கள் தோட்டத்தால் வளர்ந்தவர்கள்தாம், இங்கேயும் அந்நியன் துணை இருந்தது. தீ மூட்ட விறகு இரு கரையிலும் ஒன்றே. இந்தக் கரையில் கோபப்பட்டவர்களுக்குக் கையில் ஒரு சட்டமும், பேச ஓர் ஆளும், திரும்பி வர ஒரு வழியும் இருந்தன.

தோட்டத்து முன்னாள் தண்டல், குளுவாங்: நம்மவர்கள் அப்போது என்ன செய்தார்கள்?

ஆதரிக்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை. பலர், போர்க்காலத்தில் சயாம் ரயில் பாதை வேலைக்குப் போனவர் திரும்பி வருவாரா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்செல்லாம் நேதாஜி, இந்திய விடுதலை. மலாயன் யூனியன் குடியுரிமை நமக்குத் தாராளமாகத்தான் இருந்தது: இங்கே பிறந்திருந்தால் போதும், அல்லது போருக்கு முந்திய 15 ஆண்டில் 10 ஆண்டு இருந்திருக்க வேண்டும். கேட்டு வாங்க அமைப்பு இல்லை. மலாயா இந்தியர் காங்கிரசான ம.இ.கா.வே 1946 ஆகஸ்டில்தான் பிறந்தது. 1948இல் நிபந்தனைகள் கடுமையாகின. நம் ஆட்களின் கோபம் அரண்மனைக்குப் போகவில்லை, கள்ளுக்கடைக்குப் போனது. 1947இல் கெடா பெடோங்கில் ஏ. எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளை மூடச் சொல்லி நின்றது. அவரவருக்குக் கண்முன்னே தெரிகிற அரசன்தானே அரசன்? தோட்டத்தானுக்கு அவன் துரை.

கல்லூரி மாணவன், பத்து பகாட்: புரட்சியின் முதல் அறிகுறி என்ன, சார்?

அரசரைப் புகழ்ந்துகொண்டிருந்தவர்கள் அவர் எழுதிக்கொடுத்த சட்டத்தைப் புரட்டத் தொடங்குவது.

ஆயர் ஈத்தாம் சந்தைக் காய்கறிக்காரர்: இதையெல்லாம் முன்கூட்டியே சொல்ல அரண்மனையில் ஒருத்தர்கூட இல்லையா?

இருந்தாரே! அவரைத்தான் 1927இல் நாடு கடத்தினார்கள். அரியணை ஆடியபோது காலைப் பிடித்து நிறுத்தியதும் அவரே. 1947இல் அவரை மந்திரி பெசாராக்கினார் அதே சுல்தான். குறை சொல்கிறவனை விரட்டும் ஆட்சிக்கு இப்படிப்பட்டவர் ஒருவர் கிடைப்பது அதிர்ஷ்டம். ஒவ்வொரு ஆட்சியும் அதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.