முதலில் ரயில், பிறகு மனை

மொரப்பூரில் மனை விற்பவர், பிள்ளைகுட்டிகளோடு குடிபெயர வரும் குடும்பத்துக்கு முதலில் காட்டுவது மனையை அல்ல, ரயிலை. சென்னை–சேலம் பாதையில் ஸ்டேஷன் இருக்கிறது. அதில் பொய் இல்லை. இங்கிருந்து தர்மபுரிக்கும் ரயில் போகுமாம். 1906-இல் வந்த நேரோகேஜ் பாதையை 1941-இல் மூடிவிட்டார்கள். புதிய பாதைக்கு 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். அடிக்கல்லைக் காட்டியே சதுர அடிக்கு விலை ஏற்றலாம்.

பள்ளிக்கூடம் ஐந்து நிமிடம். எந்த வாகனத்தில் என்று நோட்டீஸ் சொல்வதில்லை.

தண்ணீர்? போர் போட்டால் பொங்கும் என்பார் தரகர். பொங்குவதில் என்ன கலந்திருக்கிறது என்பது வேறு கதை. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீரைக் குடித்து வளரும் பிள்ளைகளுக்குப் பல்லில் கறை படியும். அளவு கூடினால் எலும்புக்கும் கேடு. அதற்காகவே ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. காவிரிக் குழாய் தெருவுக்கு வருகிறதா என்று கேட்க வேண்டாமா? ஈசானிய மூலையை அளக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழிக்கும் அப்பாக்களுக்கு இதற்கு நேரம் கிடைப்பதில்லை.

மனையாக அல்லாமல் வீடாகவே வாங்குவதானால், பில்டரிடம் சட்டம் கொஞ்சம் கெடுபிடி. 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி, ஒப்பந்தம் பதிவாகுமுன் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. வீட்டை ஒப்படைத்து ஐந்தாண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால், அவர் செலவிலேயே சரிசெய்ய வேண்டும். சொந்த மனையில் மேஸ்திரியை வைத்துக் கட்டுபவருக்குக் கிடைப்பதோ, "நம்ம வீடு மாதிரி பாத்துக்கறேங்க" என்ற வாய்வார்த்தை. விவரமானவர்கள் மேஸ்திரியின் சொந்த வீட்டை மழைநாளில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கொடுக்கிறார்கள்.