பத்து வயது அண்ணாச்சி

தூத்துக்குடியில் ஒருவர் அண்ணாச்சி ஆவதற்கு முன்பெல்லாம் ஒரு முறை இருந்தது. பலசரக்குக் கடை வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் துறைமுகத்துக்குள் நாலு லாரியாவது ஓட வேண்டும். உப்பளத்தில் சொந்தப் பாத்தி இருந்தாலும் சரி. கொஞ்சம் தொப்பை, கொஞ்சம் வராத கடன், கல்யாண வீட்டில் முன்வரிசை நாற்காலி என்று எல்லாம் கூடிவர நாற்பது வயதாவது ஆகும்.

இப்போது பத்து வயதிலேயே ஆகிவிடுகிறார்கள். கடலுக்குப் போகும்போது அப்பா பட்டன் போனைத்தான் எடுத்துப் போவார். உப்புத் தண்ணீருக்கு அதுதான் தாங்கும். டச் போன் வீட்டில் கிடக்கும். அதுவும் பக்கத்து வீட்டு வைஃபை பாஸ்வேர்டும் கிடைத்தால் போதும், பையன் அண்ணாச்சி.

திரேஸ்புரத்தில் தெருவுக்கு ஒருவன் இருக்கிறான். பிரையண்ட் நகரிலும் உண்டு, அங்கே அவனுக்குத் தனி ஹெட்போன். படிப்பது ஐந்தாம் வகுப்பு. கடைவாய்ப் பால்பல் ஒன்று இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஆட்டத்துக்குள் அவன் பெயர் ‘டி.என்.69 புயல்’. வண்டி ஓட்டும் வயது வர எட்டு வருடம் பாக்கி, அதற்குள் ஆர்.டி.ஓ. நம்பரை எடுத்துக்கொண்டான். கில்டு என்று ஒரு கூட்டம், அதற்கு இவன் தலைவன். கோவில்பட்டிப் பையன், நாகர்கோவில் பையன், கோலாலம்பூரில் ஒருவன், கொழும்பில் ஒருவன் என்று எல்லாரும் இவன் சொன்ன இடத்தில் குதிக்கிறார்கள். இங்கிருந்து கொழும்புக்குத் தோணி போன காலம் ஒன்று உண்டு. 2011 ஜூனில் ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ என்று பயணிகள் கப்பலும் விட்டார்கள். அந்த வருடம் முடிவதற்குள் அது நின்றுபோனது. பயல் பாஸ்போர்ட் இல்லாமல் ராத்திரி எட்டு மணிக்குக் கொழும்புப் பையனோடு சேர்ந்து ஒரு சண்டை போட்டுவிட்டு, எட்டரைக்குச் சோற்றுக்கு வந்துவிடுகிறான்.

வீட்டில் இந்த நிர்வாகத்தால் அதிகம் பாதிக்கப்படுவது ஆச்சி. பக்கத்து அறையில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருப்பாள். திடீரென்று பேரன் குரல் கேட்கும்: “நான் செத்துட்டேன்டே! யாராச்சும் வந்து என்னை எழுப்புங்கடே!”

“சேசு மரி சூசை!” என்று ஆச்சி மணியை விட்டுவிட்டு ஓடிவருவாள். பேரன் கட்டிலில் கால்மேல் கால் போட்டுப் படுத்திருப்பான். லாசரை எழுப்ப நாலு நாள் ஆயிற்று. இங்கே ராச்சாப்பாட்டுக்கு முன்னாலேயே நாலு தடவை.

அண்ணாச்சிக்கு வயது என்ன என்பது கொஞ்சம் சிக்கலான விஷயம். ஆதார் கார்டில் பத்து. ஆட்டங்களில் பிறந்த வருடம் கேட்கும் இடத்தில் எண்கள் சக்கரம்போல் சுழலும் அல்லவா, அதை ஒரு சுண்டு சுண்டிவிடுவான். எங்கே நிற்கிறதோ அதுதான் அவன் பிறந்த வருடம். ஓர் ஆட்டத்தில் 1987, இன்னொன்றில் 1951. ஒன்றில் அப்பாவுக்கு மூத்தவன், மற்றொன்றில் தாத்தாவோடு ஒரே வகுப்பு. 2025 நவம்பரில் ராப்லாக்ஸ் நிறுவனம் இதற்கு ஒரு முடிவு கட்டியது: பிறரோடு பேச வேண்டுமென்றால் கேமராவில் முகத்தைக் காட்டு, வயதை நாங்களே கணித்துக்கொள்கிறோம் என்றது. நம்மாள் அசரவில்லை. தூங்கிக்கொண்டிருந்த தாத்தாவை எழுப்பி உட்காரவைத்து, “தாத்தா, இப்பிடித் திரும்புங்க, அப்பிடித் திரும்புங்க” என்று காட்டி முடித்தான். முடித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அங்கே வயதுவாரியாகப் பிரித்து, ஏறக்குறைய ஒத்த வயதுக்காரர்களோடு மட்டும்தான் பேசவிடுவார்கள். தாத்தாவின் முகத்துக்குக் கிடைத்தது பெரியவர்கள் கூட்டம். ஒத்த வயதுத் தோழர்கள் ஒருவரோடும் பேச முடியவில்லை. தாத்தா மட்டும், “போட்டோ நல்லா வந்துருக்கால?” என்று இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சட்டத்தில் அண்ணாச்சி கெட்டிக்காரர். தாத்தாவுக்கு 1964 புயல் எப்படியோ, பேரனுக்கு 2020 செப்டம்பர் 2 அப்படி. பப்ஜியைத் தடைசெய்த நாள் அது. அன்று அவனுக்குப் பால்வாடி வயது. ஆனாலும் கேள்விப்பட்ட வகையில் துக்கம் உண்டு. 2021-இல் அது பி.ஜி.எம்.ஐ. என்று பெயர் மாற்றிக்கொண்டு வந்ததும், 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் போய் ‘மேக்ஸ்’ மட்டும் மிஞ்சியதும் அவனுக்கு மனப்பாடம். அம்மாவும் விட்டுக்கொடுக்கமாட்டாள். காசு கட்டி ஆடும் ஆட்டங்களை நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக்கூடாது என்று 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு விதி போட்டது. ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்றது. அம்மா அதை எப்போதோ டி.வி.யில் அரைகுறையாகக் கேட்டிருந்தாள்.

“ஏலே, ராத்திரி கேம் ஆடக்கூடாதுன்னு கோர்ட்டே சொல்லிட்டு. வை போனை.”

“யம்மா, அது காசு கட்டி ஆடுறதுக்கு. அதையும் ஆகஸ்ட்ல பார்லிமெண்ட்ல மொத்தமாத் தடை பண்ணிட்டாங்க. நான் ஆடுறது ஈ-ஸ்போர்ட்ஸ். அதை வளக்கணும்னு அதே சட்டத்துல போட்டுருக்கு.”

“அப்பம் அந்தச் சட்டத்துக்கிட்டயே போய்ச் சோறு கேளு, மூதி.”

சட்டத்தைப் பற்றிப் பையன் சொன்னது சரி என்பதுதான் இதில் எரிச்சல்.

காசு கட்டுவதில்லை என்று சொன்னானே, அது மட்டும் முழு உண்மை இல்லை. ஜெயிப்பதற்குக் காசு கட்டுவதில்லை, சட்டை வாங்கக் கட்டுகிறான். துப்பாக்கிக்குத் தோல், ஆளுக்கு உடுப்பு, முதுகில் ஒரு சிறகு. நேராக விற்றால் பரவாயில்லை. டைமண்டு வாங்கு, அதைப் போட்டுச் சக்கரத்தைச் சுற்று, வந்தால் சிறகு, வராவிட்டால் ஒன்றுக்கும் ஆகாத ஒரு பனியன்.

இந்த வியாபாரம் நம்மூருக்குப் புதிதல்ல. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் கரைக்கு வந்த சிப்பியை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று குளித்தவர்களுக்கு. அரசாங்கப் பங்கைத் திறக்காமலே, ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று ஏலம் விடுவார்கள். உள்ளே இருப்பது முத்தா வெறும் சதையா என்பது, எடுத்தவன் அதை அழுகவிட்டு நாற்றத்தோடு நாற்றமாக அலசிப் பார்க்கும்போதுதான் தெரியும். எத்தனையோ பேர் இதில் ஓட்டாண்டி ஆனார்கள். ஆனாலும் அதில் ஒரு நியாயம் இருந்தது. மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பி எடுத்துத் திறந்து, மதிப்புப் போட்ட பிறகுதான் குளிப்பையே அறிவிப்பார்கள். கடலடிப் பாரில் சிப்பி இல்லையென்றால் வருடக்கணக்கில் குளிப்பு கிடையாது. 1961-க்குப் பிறகு இந்தப் பக்கம் குளிப்பே நடக்கவில்லை. கேம் கம்பெனியின் கடலில் சிப்பி தீருவதே இல்லை. தினமும் குளிப்பு, தினமும் ஏலம். அதை எடுக்க வருகிறவனுக்குப் பத்து வயது.

யு.பி.ஐ. பின் நம்பர் அவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அப்பாவுக்கு மறந்துபோகும்போது எடுத்துக்கொடுப்பதே அவன்தான். வங்கியிலிருந்து மெசேஜ் வரும். அப்பா கரையிலிருந்து பல மைல் தள்ளி வலை இழுத்துக்கொண்டிருப்பார். மெசேஜை அழிப்பது அரை நொடி வேலை. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும், அப்பா டீக்கடையில் நாலு பேருக்கு வடை சொல்லிவிட்டுப் பணம் போட முயற்சி செய்யும்வரை. அன்று ராத்திரி அந்த வீட்டில் நடந்ததை எழுத வேண்டாம். விளக்குமாறு ஈ-ஸ்போர்ட்ஸில் சேராது.

எல்லாம் தெரிந்த இந்த அண்ணாச்சியையும் ஒருவன் ஏமாற்றினான். “ப்ரோ, ஃப்ரீ டைமண்டு தாரேன், ஓ.டி.பி. சொல்லுங்க” என்றான். சொன்னான். ஐந்தே நிமிடத்தில் கணக்கு கைமாறியது. சிறகு, கில்டு, தலைவர் பதவி எல்லாம் போயிற்று. பணம் போனால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் பண்ணலாம். பதவி போனால் யாருக்குப் பண்ணுவது? அன்று ஒரு நாள் மட்டும் அவன் பத்து வயதுப் பையனாகி, ஆச்சி மடியில் கிடந்து அழுதான். மறுநாள் ‘டி.என்.69 புயல் 2’ என்று கரையைக் கடந்தது.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாவிட்டால் பாவம். அதே போனுக்குள் இன்னொருவன் இருக்கிறான். அவன் சத்தமே போடமாட்டான். அதனால் வீட்டில் யாருக்கும் அவனைத் தெரியாது.

அக்கா பத்தாம் வகுப்பு. அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பாடத்தில் ஸ்கிராட்ச் வருகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் செய்து, 2007-இல் குழந்தைகளுக்காக இலவசமாக வெளியிட்ட மென்பொருள். வண்ணக் கட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்தால் ஓர் ஆரஞ்சுப் பூனை நடக்கும், குதிக்கும், மியாவ் என்னும். அக்கா கம்ப்யூட்டரைத் தொடாமலே அதை நெட்டுருப் போட்டுக்கொண்டிருக்கிறாள். தம்பி போனில் அதைச் செய்தே பார்த்துவிட்டான்.

“ஸ்பிரைட் என்றால் என்ன? ஸ்பிரைட் என்பது… ஸ்பிரைட் என்பது…”

“அந்தப் பூனைதாம்க்கா.”

“அப்பிடி எழுதுனா மார்க் வராதுலே.”

ஸ்கிராட்சில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் செய்து போட்டதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். மாற்றித் தன் பெயரில் போடலாம். முதலில் செய்தவர் பெயரும் தானாகவே கூட வந்துவிடும். இதற்கு ரீமிக்ஸ் என்று பெயர். இந்த நாகரிகத்தைப் பையன் வகுப்பறைக்கும் கொண்டுபோனான். காலாண்டுப் பரீட்சையில் பிடிபட்டபோது, “ஏம்ல பக்கத்துல பாத்து எழுதுன?” என்று மிஸ் கேட்க, “ரீமிக்ஸ் மிஸ். அவன் பேரைக் கீழ போட்டுருக்கேன் பாருங்க” என்று தாளைக் காட்டினான். போட்டுத்தான் இருந்தான். முட்டிபோட்டது அவன் மட்டும்தான். மூல ஆசிரியர் தப்பித்தார்.

இன்னும் ஒரு வேலை செய்கிறான், ஃப்ளிப்பாகிளிப் என்ற ஆப்பில். திரையில் விரலால் ஒரு குச்சி மனிதனை வரைகிறான். அடுத்த ஏட்டுக்குப் போனால் பழைய படம் மங்கலாக அடியில் தெரியும். அதன்மேல் காலை ஒரு மயிரிழை நகர்த்தி மறுபடி வரைகிறான். மறுபடி. மறுபடி. இப்படிப் பன்னிரண்டு வரைந்தால் ஒரு நொடி ஓடும். வீட்டுப்பாடத்தில் இரண்டு பக்கம் எழுதக் கை வலிக்கும் பிள்ளை இவன்தான்.

இது வெளிச்சத்துக்கு வந்தது மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று அரசு போட்ட தடை. பள்ளிக்கூட லீவும் பெரும்பாலும் அதே நாட்களில்தான். மற்ற நாளில் காலை ஐந்துக்குப் போய் இரவு ஒன்பதுக்குள் திரும்பும் அப்பா முழு நாளும் வீட்டில். டச் போன் அவர் சட்டைப்பையில். ஆக, தடை உண்மையில் விழுந்தது அண்ணாச்சிமேல்.

ஒரு மத்தியானம் அப்பா போனில் எதையோ தேடப் போய் இதைத் திறந்துவிட்டார். ஒரு போட்டு போகிறது. குச்சி மனிதர்கள் இரண்டு பேர் வலை இழுக்கிறார்கள். மூன்று நொடிப் படம்.

“ஏலே, இங்க வா. இது யாரு வரைஞ்சது?”

அடி விழும் என்று நினைத்து எட்ட நின்றான். “நாந்தாம்பா.”

“கொடி அந்தப் பக்கம் பறக்கு, புகை இந்தப் பக்கம் போவுது. காத்து எங்க இருந்துல அடிக்கு?”

பையன் பதில் சொல்லவில்லை. காற்று என்று ஒன்று இருப்பதே அவன் படத்தில் இல்லை.

“கச்சான்னே வச்சுக்கோ. கொடியும் புகையும் ஒரே பக்கம் போவணும்லா. அப்புறம், வலை இழுக்கும்போது இப்பிடி நேரா நின்னா ரெண்டு பேரும் கடலுக்குள்ள கெடப்பான். முட்டியை மடக்கி, பின்னாலே சாஞ்சு…” அப்பா எழுந்து நின்று இல்லாத வலையை இழுத்துக் காட்டினார். பையன் பார்த்துக்கொண்டே முட்டியை மடக்கி வரைந்தான். அப்பா மறுபடி இழுத்தார். கொடியைத் திருப்ப எல்லா ஏட்டையும் அழித்து முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. இந்தத் தடவை நாலு நொடி என்று முடிவானது, நாற்பத்தெட்டுப் படம். சாயந்திரம் விளக்கு வைக்கும்போது முடிந்தது.

“நாலு செகண்டுக்கு நாப்பத்தெட்டா?” என்றார் அப்பா. “வலை தைக்கிறதே தேவலடே.”

அதன்பிறகு அப்பாவும் கெட்டுப்போனார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மழைக்காக வீட்டுக்குள் முடங்கிய ஒரு நாள் பையன் ஆட்டத்தையும் சொல்லிக்கொடுத்தான். கில்டில் புதிதாகச் சேர்ந்தவர் குதித்த உடனே செத்துவிடுகிறார் என்று கொழும்புப் பையன் புகார் சொன்னான். “எங்கப்பாடே, சும்மா இரு” என்று தலைவர் அடக்கினார். இப்போது ஆச்சியின் ஜெபமாலையைக் கலைப்பது ஆண்பிள்ளைக் கட்டைக் குரல்: “ஏலே, நான் செத்துட்டேன்! எழுப்புல!”

ஜூன் 15 விடியற்காலை படகு போயிற்று. டச் போன் மறுபடி வீட்டில்.

பெற்றவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். பின் நம்பரை இன்றைக்கே மாற்றுங்கள். புது நம்பரை மறக்காமல் நீங்களே ஞாபகம் வையுங்கள். போனைப் பிடுங்கும் முன் திரையை ஒரு பார்வை பாருங்கள். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தால் யோசிக்கவே வேண்டாம், பிடுங்குங்கள். குச்சி மனிதன் ஒற்றைக் காலைத் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தால், “படம் வரைஞ்சு முடிஞ்சிட்டால?” என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பாதியில் பிடுங்காதீர்கள். நாற்பத்தெட்டுப் படமும் வரைகிறவன் அவன்தான், நீங்கள் அல்ல.