ஹெரால்டுக்காரர்

பழைய ஹெரால்டு கார் வாங்கியவரைத் தெருவில் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். சட்டை கஞ்சி போட்டு மொடமொடவென்று இருக்கும். நகக்கண்ணில் மட்டும் கிரீஸ். பெரும்பாலும் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவராக இருப்பார். அடுத்தவர் கடன் மனுவில் ஓட்டை கண்டுபிடித்தே காலம் தள்ளியவர், தரைத்தகட்டில் ஓட்டை விழுந்த வண்டியை “பாடி ஸ்ட்ராங்கு சார்” என்ற ஒற்றைச் சொல்லை நம்பி வாங்கியிருப்பார்.

வண்டியின் ஜாதகம் கேட்காமலே வந்து விழும். 1961 முதல் நம் சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி செய்தது. உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. நாலு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும்தான், இங்கிலாந்துக்காரனுக்கே கிடையாது! சொல்லிவிட்டுப் பானெட்டைத் தூக்குவார். மட்கார்டோடு சேர்ந்து அது முன்பக்கம் சாய, சக்கரம்வரை எல்லாம் வெட்டவெளிச்சம். அடிக்கடி திறக்க வேண்டிய வண்டிக்குப் பொருத்தமான ஏற்பாடுதான்.

மெக்கானிக்கிடம் “மொத்தம் என்னப்பா ஆகும்?” என்று அவர் கேட்டது ஒரே ஒரு முறை.

“பிரிச்சுப் பார்த்தாத்தான் சார் தெரியும்.”

பிரித்தார்கள். இன்ஜின் பாவம், சாது. 948 சிசிதான், போரிங் போட்டு, பிஸ்டன் மாற்றியதும் கிளம்பிவிட்டது. ஆளை விழுங்கியது தகடு. டிங்கர் பட்டியைச் சுரண்டச் சுரண்ட, பட்டி போன இடத்தில் காரும் போயிருந்தது. அடுத்தது பீடிங் ரப்பர். புதுப்பேட்டையில் தேடிக் கிடைக்காமல், லண்டனில் இருக்கும் மைத்துனரைப் பிடித்தார். இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு இன்றும் புது உதிரிப்பாகங்கள் கிடைக்கின்றன, இரண்டு கதவு வண்டிக்கு. இந்தியாவில் மட்டும் இருந்த பின்கதவுக்கு அங்கே யார் ரப்பர் செய்வார்கள்?

எல்லாம் ஒரிஜினலாக இருக்க வேண்டும் என்பதில் மனிதர் கறார். அவருடைய பல்வரிசையும் வலது மூட்டும் இதில் சேர்த்தியில்லை.

“என்னங்க, இந்தப் பணத்துக்குப் புதுசாவே ஒண்ணு வாங்கியிருக்கலாமே?” என்பார் வீட்டம்மா.

“புது வண்டி ஷோரூமை விட்டு இறங்கினா விலையும் இறங்கிடும். இது ஏறும்.”

“எவ்வளவு ஏறியிருக்கு?”

“விக்கிறவன்தானே அதைப் பார்க்கணும்?”

ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கென்று 2021-இல் மத்திய அரசு தனிப் பதிவு கொண்டுவந்தது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அவர் செய்த செலவுகளில் ஒழுங்காக ரசீது கிடைக்கக்கூடியது அது ஒன்றுதான். அப்படிப் பதிந்த வண்டியைத் தினமும் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு எடுக்கலாம். கடைசி இரண்டைத் தவிர அவர் வண்டி வேறு எதற்கும் வெளியே வந்ததில்லை என்பதால் சட்டத்தால் அவருக்குத் தொந்தரவே இல்லை.

போட்ட பணம் திரும்புமா? ஏதாவது ஓர் அரண்மனையிலிருந்து வந்த ரோல்ஸ் ராய்ஸ் என்றால் யோசிக்கலாம். ஹெரால்டுக்குத் திரும்பாது. பெண் கல்யாணச் செலவை யாரும் முதலீடு என்று சொல்வதில்லை. இவரும் சொல்லாமல் இருந்தால் வீட்டில் பாதிச் சண்டை குறையும். மற்றபடி சொந்தக் காசு, சொந்த ஆசை, நமக்கென்ன?

உங்களுக்கும் அந்த ஆசை இருந்தால், பானெட்டைத் திறக்கச் சொல்லி மயங்காதீர்கள். முதலில் கால்மிதியைத் தூக்குங்கள். கீழே ரோடு தெரிந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். ரோடு தெரியவில்லை என்றால், ஆர்.சி. யார் பேரில் இருக்கிறது என்று கேளுங்கள்.