நம்பர் பொருத்தம்

அவர் வீட்டுக்குப் போனால் காபிக்கு முன்னால் டார்ச் லைட் வரும். பின்னாலேயே பூதக்கண்ணாடி. அதற்கும் பின்னால், ஃபிளானல் துணியில் சுற்றிய ஒரு ஜெர்மன் மௌசர். முதல் வேலையாக போல்ட்டை இழுத்து உள்ளே தோட்டா இல்லை என்று காட்டுவார். அந்த ஒழுங்கில் குறை சொல்ல முடியாது. பிறகு "இங்கே பாருங்கள்" என்பார். பார்ப்போம். இரும்பில் அடித்த நான்கு இலக்கம். "இப்போது இங்கே." அதே நான்கு இலக்கம். "இங்கே?" அதே. போல்ட், குழல், மேகஸின் அடித்தகடு, பட்டை, மரக்கட்டையின் உட்புறம் என்று ஒரு சுற்று முடிவதற்குள் அந்த எண் நமக்கு மனப்பாடமாகிவிடும். அப்போதுதான் ஸ்க்ரூடிரைவரை எடுப்பார். ஸ்க்ரூத் தலைகள் பாக்கி இருக்கின்றன.

அமெரிக்காவில் பழைய ராணுவத் துப்பாக்கி சேர்ப்பவர்களில் ரகம் பல. சனிக்கிழமையானால் சுட்டுத் தீர்க்கிறவர் ஒரு ரகம். நார்மண்டிக் கரையில் தானும் இறங்கியதுபோலப் பேசுகிறவர் இன்னொரு ரகம். இவர்களோடெல்லாம் காலம் தள்ளிவிடலாம். நான் புலம்புவது நம்பர்காரரைப் பற்றி. நாம் துப்பாக்கி என்று நினைத்துக்கொண்டிருப்பது அவரைப் பொறுத்தவரை எண்களை வரிசையாக அடித்துவைக்க வசதியான ஒரு சாமான், அவ்வளவுதான்.

நியாயமும் இல்லாமல் இல்லை. 1935இல் ஜெர்மன் ராணுவம் ஏற்றுக்கொண்ட கே 98 கே மௌசரில், உதிரிப் பாகங்களைக் கையால் தேய்த்து ஒன்றுக்கொன்று பொருத்தினார்கள். ஒன்றின் போல்ட்டை இன்னொன்றில் மாட்டினால் தோட்டா உட்காரும் இடத்தில் இம்மி வித்தியாசம் வரலாம். அது கன்னத்துக்கு அருகில் வெடிக்கிற சமாச்சாரம். அதனால்தான் பெரிய பாகங்களில் முழு எண், சிறியவற்றில் கடைசி இரண்டு இலக்கம். போர் முடிந்து பிடிபட்ட துப்பாக்கிகளைக் குவித்தபோது போல்ட்டுகள் கலந்துபோயின. எனவே எல்லா எண்ணும் சேர்ந்த ஒன்று கிடைப்பது அபூர்வம். போல்ட் மட்டும் வேறென்றாலும் விலை பாதிக்குக் கீழே போய்விடும் என்பது அவர் கணக்கு. நம் ஊரில் பத்துப் பொருத்தத்தில் எட்டு இருந்தாலே பெண் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். இவர் பத்தும் சரியாக இருந்து, ஒரு ஸ்க்ரூவில் மட்டும் 37க்குப் பதில் 31 இருந்தாலும் எழுந்து வந்துவிடுவார்.

சரி, எண்கள் சேர்ந்தால் போதுமா என்றால் அதுவும் போதாது. கிழக்குப் போர்முனையில் சோவியத் படை அள்ளிய மௌசர்களைப் பின்னாளில் அவர்களுடைய ஆயுதக் கிடங்கில் கழற்றிச் சுத்தம் செய்து, கைக்கு வந்த பாகத்தைப் போட்டு, பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதிய எண்ணைப் பதித்தார்கள். சிலவற்றில் மின்பேனாவால் கிறுக்கியே வைத்தார்கள். எல்லா எண்ணும் ஒன்றுதானே என்று அப்பாவியாகக் கேட்டேன். "ஒன்றாக இருக்கிறது. ஒன்றாக இருக்கவில்லை" என்றார், உபநிஷத்து சொல்லும் குரலில்.

இதற்கு நேர்மாறு 1945 துப்பாக்கி. தோற்றுக்கொண்டிருந்த ஜெர்மனியில் தொழிற்சாலைக்கு ஸ்க்ரூவில் நம்பர் அடிக்க நேரமில்லை. பல சிறு பாகங்களை வெறுமையாகவே அனுப்பினார்கள். ஆகவே அந்த வருடத்துத் துப்பாக்கியில் எண் இல்லாவிட்டால் ஆனந்தம். இருந்துவிட்டால் துக்கம், யாரோ ஏமாற்றுக்காரன் பிற்பாடு அடித்திருக்கிறான். ஒரு மாலை முழுக்க வெற்று ஸ்க்ரூ ஒன்றை டார்ச் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டினார். அதில் ஒன்றுமே இல்லை. "பார்த்தீர்களா!" என்றார்.

அரசாங்கமும் இவருக்கு ஒத்தாசை. ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட பழம்பொருள் துப்பாக்கிகளைச் சேர்க்க அங்கே தனி லைசென்ஸ் உண்டு. மூன்று வருடத்துக்கு முப்பது டாலர். வாங்கியதை ஒரு பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும் என்பது விதி. நம்பர் எழுதச் சொல்லி ஒருவரைக் கட்டாயப்படுத்தும் சட்டம்! இவர் அதை வரிப்பணத்தின் ஒரே பயன் என்று கருதுகிறார்.

மரக்கட்டைக்கு மெருகு போடுவது, மணல்தாள் தேய்ப்பது எல்லாம் அவர் அகராதியில் குற்றம். ரஷ்ய மோசின்-நாகன்ட் நூறு டாலருக்கும் குறைவாகக் கிடைத்த காலத்தில் யாரோ வாங்கி வார்னிஷ் அடித்ததை இன்னும் மறக்கவில்லை. ஜப்பான் சரணடைந்தபோது அரிசாக்காத் துப்பாக்கிகளில் சக்கரவர்த்தியின் செவ்வந்தி முத்திரையை அரமெடுத்துத் தேய்த்தார்களே, அதையும் மன்னிக்கவில்லை.

நான் இந்தியன் என்று தெரிந்த நாளிலிருந்து இஷாபூர் தொல்லை வேறு. வங்காளத்தில் கல்கத்தாவுக்கு அருகே உள்ள அந்த ரைஃபிள் ஃபேக்டரியில்தான் இந்தியாவின் .303 லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகளைச் செய்தார்கள். 1960களில் அதே பழைய வடிவத்தை 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு மாற்றியும் செய்தார்கள். இவரிடம் அதிலும் ஒன்று உண்டு. திருச்சிக்காரனான எனக்கு இஷாபூர் எவ்வளவு தூரம் என்று வரைபடம் போட்டு விளக்கியும் பயனில்லை.

"உங்கள் ஊர் போலீஸ்காரர்கள் .303 தானே வைத்திருந்தார்கள்? போல்ட் நம்பர் சேர்ந்திருந்ததா?"

"ஐயா, எங்கள் ஊரில் போலீஸைக் கண்டால் நம்பர் பார்க்கப் பக்கத்தில் போக மாட்டோம்."

"ஒரு சந்தர்ப்பத்தை விட்டுவிட்டீர்கள்" என்றார், நிஜமான வருத்தத்தோடு.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்தின் கே 31 துப்பாக்கியில், கட்டையின் பின்பக்க இரும்புத் தகட்டைக் கழற்றினால் சில சமயம் ஒரு காகிதச் சீட்டு இருக்கும். அதை வைத்திருந்த சிப்பாயின் பெயர், ஊர், படைப்பிரிவு. இவர் அப்படி ஒன்றை எடுத்தபோது உடனிருந்தேன். தடித்த விரல்கள், ஆனாலும் அந்தப் பழுப்புச் சீட்டை ஓரம் மடங்காமல் இடுக்கியால் எடுத்து, கண்ணாடித் தாளில் வைத்து, மூச்சுவிடாமல் படித்தார். பிறகு பெர்ன் அருகே அந்தக் கிராமத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். மகள் பதில் போட்டிருந்தார்: அப்பா நல்ல மனிதர், ஞாயிற்றுக்கிழமைகளில் சுடப் போவார், திராட்சைத் தோட்டத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டார். அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். இவர் என்ன எழுதிக் கேட்டிருந்தார் என்று விசாரித்தேன். உங்கள் தந்தை எப்போதாவது போல்ட்டை மாற்றினாரா என்று கேட்டிருந்தாராம். அதற்குத்தான் பதில் வரவில்லை.

அதே மனிதர்தான், ஓஹியோவில் ஒரு கவுண்டித் திடலில் நடந்த துப்பாக்கிச் சந்தையில், ஒரு மூதாட்டியிடம் அப்படி நடந்துகொண்டார். கணவர் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த மௌசரைப் பழைய போர்வையில் சுற்றி எடுத்து வந்திருந்தார் அந்த அம்மாள். ஊருக்குத் திரும்பும் சிப்பாய்கள் தங்கள் துணிப்பையில் அடங்குவதற்காக மரக்கட்டையைப் பட்டைக்கு அடியில் ரம்பத்தால் அறுத்துவிடுவது வழக்கம். இதிலும் அறுத்திருந்தது. "அடப்பாவி, இதைப் போய் அறுத்தானே" என்றார் நம்மவர், அறுத்தவரின் மனைவி முகத்துக்கு நேரே. ராணுவம் கொடுத்த அனுமதிச் சீட்டையும் அந்த அம்மாள் நீட்டினார். கணவர் பெயர் இருந்த வரியைத் தாண்டிக்கொண்டு நம்பர் இருந்த வரிக்குப் போனார். போல்ட் ஒத்துப்போகவில்லை என்று சொல்லி விலையைக் குறைத்துக் கேட்டார். அந்த அம்மாள் பேசாமல் போர்வையைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. எண் தெரிகிற கண்ணுக்கு எதிரில் நிற்கிற ஆள் தெரிவதில்லை. காரில் திரும்பும்போது இதைச் சொன்னேன். "போல்ட் மட்டும் சேர்ந்திருந்தால் கேட்ட விலையைக் கொடுத்திருப்பேனே" என்றார். அவரைப் பொறுத்தவரை அதுதான் சமாதானம்.

அதன்பிறகு அந்தப் பக்கம் அதிகம் போகவில்லை. இடது முழங்காலை மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு நாள் ஆரஞ்சுப் பழத்தோடு போனேன். காலை நீட்டிப் படுத்திருந்தார். வலி எப்படி என்றேன். காது கேட்காதவர்போல, பர்ஸிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். உள்ளே வைத்த மூட்டின் கம்பெனி, மாடல், சீரியல் நம்பர்.

"ரஷ்யக் கிடங்கு வேலை மாதிரி ஆகிவிட்டதே. ஒரிஜினல் பாகம் போயிற்று" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. வலது முழங்காலும் இன்னும் ஒரு வருடத்தில் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். அதற்கு இதே கம்பெனியின் இதே மாடல்தான் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அடுத்த சீரியல் நம்பரை இப்போதே எடுத்துத் தனியாக வைக்க முடியுமா என்று கம்பெனிக்கும் கடிதம் போட்டிருக்கிறார்.