ஒத்தவாடைத் தெருவின் முதுகுப்பையர்

முதுகில் பெரிய பையும் மனத்தில் சிறிய ஐரோப்பாவும் சுமந்து, செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில் வார இறுதிதோறும் தென்படும் இளைஞரை முதுகுப்பையர் என்று குறிப்பிடலாம். தம்மை அவர் 'பேக்பேக்கர்' என்றே சொல்லிக்கொள்வார். குறைந்த செலவில், பயண முகவரின் துணையின்றி, உடைமை முழுவதையும் ஒரே பைக்குள் அடக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுபவர் என்பது அவர் அதற்குத் தரும் விளக்கம். இவ்வகையின் மூலவர்கள், பல்லாண்டுகளாக மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில் வாரக்கணக்கில் தங்கி, சைக்கிளை வாடகைக்கு எடுத்து, கைலி கட்டி, இட்லியை முள்கரண்டியால் உண்டுவந்த வெள்ளைக்காரர்கள். அவர்களைப் பற்றி வழிகாட்டி நூல்கள் வேண்டிய அளவு எழுதிவிட்டன. இங்கு எடுத்துக்கொள்ளப்படுபவர் அவர்களைப் பார்த்து உருவான உள்நாட்டுக் கிளையினர்: சிறுசேரியிலோ செங்கல்பட்டை அடுத்த மகேந்திரா சிட்டியிலோ கணினி நிறுவனத்தில் பணியாற்றி, 'ஆன்சைட்' எனப்படும் வெளிநாட்டுப் பணிக்காகச் சில மாதங்கள் ஐரோப்பாவில் இருந்து, அங்கே கிடைத்த நீண்ட வார இறுதி ஒன்றில் பிராக் நகரைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்.

அந்த வார இறுதி அவருடைய வாழ்வைப் பிராகுக்கு முன், பிராகுக்குப் பின் என இரு காலங்களாகப் பிரித்துவிட்டதால், அங்கு நிகழ்ந்தவற்றைச் சற்று விரிவாகவே காணவேண்டும். அவர் தங்கிய இடம் 'ஹாஸ்டல்'; அதாவது ஒரே அறையில் அடுக்குக் கட்டில்களைப் போட்டு, அறைக்கு அல்லாமல் கட்டிலுக்கு வாடகை வாங்கும் விடுதி. வேலை தேடிய காலத்தில் திருவல்லிக்கேணி மேன்ஷனில் மூவரோடு அறையைப் பகிர்ந்ததைச் சொந்த ஊருக்குத் தெரியாமல் மறைத்த அதே மனிதர், பிராகில் பதினொருவரோடு பகிர்ந்ததைப் படம் எடுத்து உறவினர் அனைவருக்கும் அனுப்பிவைத்தார். பகலில் 'கட்டணமில்லா நடைச் சுற்றுலா' ஒன்றில் சேர்ந்தார். குடை பிடித்த வழிகாட்டி ஒருவர் நகரின் கதையைச் சொல்லியபடியே தெருத்தெருவாக நடத்திச் சென்று, முடிவில், கட்டணம் ஏதும் இல்லை, விரும்பியதைத் தரலாம் என்று அறிவித்துவிட்டு, தராதவரின் கண்ணையே பார்த்துக்கொண்டு நிற்கும் ஏற்பாடு அது. 1410ஆம் ஆண்டைச் சேர்ந்த வானியல் கடிகாரத்தின் கீழ்க் கூட்டத்தோடு கூட்டமாகக் காத்து நின்றார். மணிக்கொருமுறை மேலே இரு சிறு சன்னல்கள் திறக்க, இயேசுவின் சீடர்களைக் குறிக்கும் பொம்மைகள் வரிசையாக முகம் காட்டிச் செல்லும் அக்காட்சி ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுவதால், அவர் கைப்பேசியைச் சரிசெய்வதற்குள் சன்னல்கள் மூடிக்கொண்டன.

இரவில் அவர் பங்கேற்றது 'பப் கிரால்'. ஒரு தலைவரின் பின்னே இருபது முப்பது பேர் கிளம்பி, ஒரே இரவில் நான்கைந்து மதுக்கூடங்களை வரிசையாகச் சேவித்து வரும் சடங்குக்கு அது பெயர். ஒவ்வொரு தலத்திலும் ஒரு கோப்பை உண்டு, தலத்துக்குத் தலம் ஆள் குறையும், குரல் கூடும். அவ்விரவில் அவர் நட்புக் கொண்டோர் ஆஸ்திரேலியர் சிலர், ஆங்கிலேயர் பலர், கோயம்புத்தூர்க்காரர் இருவர். செக் நாட்டவர் எவரும் அக்கூட்டத்தில் இல்லை. அவர்கள் மறுநாள் வேலைக்குச் செல்லவேண்டியிருந்ததால் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தனர். இருந்தும், பிராகின் இரவை உள்ளும் புறமும் அறிந்துவிட்டதாக அவர் இன்றுவரை நம்புகிறார்.

தாயகம் திரும்பிய பின் இச்சடங்குகளை மீண்டும் நிகழ்த்த ஓர் ஊர் தேவைப்படும்போது, அலுவலகத்திலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் மாமல்லபுரம் கண்ணில் படுகிறது. பள்ளிச் சுற்றுலாவில் மகாபலிபுரம் என்றும், பாடநூலில் மாமல்லபுரம் என்றும் அவர் அறிந்த அவ்வூர் இப்போது 'மஹாப்ஸ்' ஆகிவிடுகிறது. ஓர் இரவுத் தங்கலுக்கு அறுபது லிட்டர் கொள்ளளவுள்ள பை கட்டப்படுகிறது. அதில் தலைவிளக்கு, நீர் சுத்திகரிக்கும் குப்பி, உறங்குபை ஆகியவை இடம்பெற, மாற்று உடை மட்டும் மறந்துபோகிறது. செல்லும்போது அரசுப் பேருந்தில் செல்வது கொள்கை. பை தனக்கென ஓர் இருக்கையைப் பிடித்துக்கொள்வதால், "தம்பி, அந்த மூட்டைக்கு லக்கேஜ் போடணும்" என்று நடத்துநர் சொல்வதும், அது மூட்டை அன்று என்று இவர் விளக்குவதும் திருப்போரூர் வரை நீடிக்கும். திரும்பும்போது வாடகைக் கார் பிடிப்பது நடைமுறை. கொள்கையின் வீச்சு சனிக்கிழமையோடு முடிந்துவிடுகிறது.

இவருக்கு நீண்ட முன்னோர் வரிசை உண்டு என்பதை ஆராய்ச்சியின் பொருட்டுச் சொல்லவேண்டும். வெனிஸ் நகர வணிகரான காஸ்பரோ பால்பி 1582இல் இக்கரையை ஒட்டிக் கப்பலில் சென்றபோது இங்குள்ள கோயில்களைக் குறித்துவைத்தார். பிற்காலத்தில் ஐரோப்பிய மாலுமிகள் 'ஏழு கோயில்கள்' என்று இவ்வூரை அழைத்ததும், கரையில் இன்று நிற்பது ஒன்றே என்பதால் மற்ற ஆறும் கடலுக்குள் இருப்பதாகக் கதை பரவியதும் தெரிந்தவையே. வில்லியம் சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1772இலும் 1776இலும் வந்து பார்த்துவிட்டு, 1788இல்தான் கட்டுரை வெளியிட்டார். பார்த்ததைப் பதினொரு நொடிக்குள் வெளியிட்டாகவேண்டிய இன்றைய வழித்தோன்றலுக்கு இந்தப் பொறுமை விளங்காது. ஆயினும் குலமுதல்வர் என்னும் பட்டத்துக்கு உரியோர், மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் துணி வாணிகம் செய்த டச்சுக்காரரே. அவர்கள் திருக்கழுக்குன்றத்து மலைக்குச் சென்று, பல்லவர் குடைந்த ஒருக்கல் மண்டபத்தில் தங்கள் பெயர்களைச் செதுக்கிவைத்தனர். 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அப்பெயர்கள் இன்றும் அங்கே உள்ளன. பாறையில் காதலியின் பெயரைக் கீறும் உள்ளூர் விடலையைக் கண்டால், "நம்ம ஆளுங்களுக்கு அறிவே கிடையாது, ஐரோப்பாவில் இப்படிச் செய்வார்களா?" என்று முதுகுப்பையர் பொங்குவார். செய்தார்கள், அதுவும் உளி கொண்டு ஆழமாகவே செய்தார்கள் என்பதற்கான சான்று அரை மணிப் பேருந்துப் பயணத்தில் இருக்கிறது. முன்னூறு ஆண்டு தாக்குப்பிடிக்கும் கிறுக்கலைத் தொல்லியல் துறை காவல் காக்கும் என்பதை விடலைகளுக்கு யாரும் சொல்லாமல் இருப்பது நல்லது.

பகற்காட்சிகளில் முதுகுப்பையரின் போக்கு ஆய்வுக்குரியது. 1984இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாக இவ்வூர்ச் சிற்பத் தொகுதி சேர்க்கப்பட்டது என்பதை அவர் அறிவார். அதனாலேயே சற்றுத் தயங்குவார். எல்லாரும் பார்ப்பதைப் பார்ப்பவன் சுற்றுலாப் பயணி, தாம் அவ்வகையினர் அல்லர் என்பது அவருடைய அடிப்படைச் சித்தாந்தம். எனவே அவர் கடற்கரைக் கோயிலுக்குள் செல்லாமல் மணலில் நின்று வேலிக்கு வெளியிலிருந்து பார்ப்பார்; நாற்பது ரூபாய் நுழைவுச்சீட்டு மிச்சமாவது தற்செயல் விளைவு. வெளிநாட்டவர்க்கு அறுநூறு என்பதைக் கேள்விப்பட்டதும், தமக்கு விதிக்கப்படாத அக்கட்டணத்துக்காக இங்கு தாம் தங்கும் ஹாஸ்டலில் இருக்கும் பிரெஞ்சுக்காரரைவிட அதிகம் வருந்துவார். ஐந்து ரதங்களுக்கும் பாண்டவர்க்கும் தொடர்பில்லை, அவை பிற்காலத்தார் வைத்த பெயர்கள் என்று பலகையில் படித்துவிட்டு, அதைத் தாமே கண்டுபிடித்ததுபோல் பிறருக்கு அறிவிப்பார்.

வெண்ணெய் உருண்டைக் கல்லிடம் மட்டும் சித்தாந்தம் நிற்பதில்லை. சரிவான பாறையில் இப்போதோ பிறகோ உருளப்போவதுபோல் நிற்கும், ஏறத்தாழ 250 டன் எடையுள்ள அக்கல்லை, 1908இல் ஆளுநர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுக்கச் செய்தும் அசைக்க முடியவில்லை என்று வழிகாட்டிகள் சொல்வர். யானையால் ஆகாததைத் தாம் செய்வதுபோல் உள்ளங்கையை விரித்து நிற்கும் நிலையில் படம் எடுத்துக்கொள்வது இங்கு எழுதாத விதி. பீசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தின் முன்னும் இதே விதி நிலவுவதால், முதுகுப்பையர் இதைச் சர்வதேச மரபு என்று கருதி மனச்சாட்சியோடு உடன்பாடு செய்துகொள்கிறார். 2019 அக்டோபரில் இக்கல்லின் முன் கைகோத்து நின்ற இந்தியப் பிரதமரும் சீன அதிபரும், அதைத் தள்ளுவதுபோல் நிற்காமல் விட்ட வெகுசிலருள் அடங்குவர்.

அங்கிருந்து சற்றுத் தொலைவில், கட்டணமின்றித் தெருவிலிருந்தே காணக்கூடிய பெரும்பாறைச் சிற்பம் உள்ளது. அது அருச்சுனன் தபசா, பகீரதன் தவமா என்று அறிஞர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. அதன் அடிப்பகுதியில், எலும்பு தெரியத் தவம் செய்யும் முனிவரைப் பார்த்து, முன்னங்கால்களை உயரத் தூக்கிப் பின்னங்கால்களில் நிற்கும் பூனை ஒன்றும், அதன் தவத்தை நம்பி அருகே கூடிய எலிகளும் செதுக்கப்பட்டுள்ளன. வறியவர்போல் வாழ்வதை நோன்பாகக் கொண்டு, ஐந்து ரூபாய்க்காக இளநீர்க்காரரிடம் கால் மணி நேரம் வாதாடி, அதைத் தங்கக் கடன் அட்டையின் பயன்களைப் பற்றிய உரையாடலுக்கு இடையே செய்யும் நம் பயணி, இச்சிற்பத்தின் முன் வெகுநேரம் நின்று யானைகளை மட்டும் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்.

மாலை ஆறு மணிக்குச் சின்னங்களின் வாயில்கள் மூடப்பட, இரவு தொடங்குகிறது. ஒத்தவாடைத் தெருவின் மொட்டைமாடி உணவகங்களில் மெழுகுவர்த்தி ஏற்றப்படும். அன்று காலை வலையில் வந்த வஞ்சிரமும் இறாலும் கணவாயும் தட்டில் அடுக்கி மேசைக்கு மேசை காட்டப்படும். முதுகுப்பையர் அவற்றை அன்போடு பார்த்துவிட்டு மோமோவும் வாழைப்பழப் பான்கேக்கும் கேட்பார். பான்கேக் என்பது அவருடைய அம்மா வெல்லம் போட்டுச் சுடும் கோதுமைத் தோசையேதான். இங்கு அதன் மேல் சாக்லேட் ஊற்றி ஐந்து மடங்கு விலை வைக்கப்படும். அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் சில்லறைக் கடைகள் இரவு பத்து மணிக்குக் கதவடைக்கும் என்பதால், பிராகில் அன்று பப் கிரால் சூடுபிடித்த நேரத்தில் இவ்வூர்த் தெருவில் நாய்கள் மட்டுமே உலாவும். பத்தேகாலுக்கு அவர் தம் மாபெரும் துயரத்தை வெளியிடுவார்: "இந்த ஊரில் நைட்லைஃபே இல்லை." அது ஏன் இல்லை, பிராகில் எப்படி இருந்தது, கோயம்புத்தூர் நண்பர்கள் இப்போது எங்கே என்பன பற்றிப் பின்னிரவு இரண்டு மணி வரை விவாதம் நடக்கும்.

அவர் படுத்த ஒரு மணி நேரத்தில் அடுத்த தெருவான மீனவர் குப்பத்தில் விளக்கெரிகிறது. படகுகள் அலையைத் தாண்டித் தள்ளப்பட்டு, விடிந்தபின் திரும்பி, மீன் மணலிலேயே ஏலம் போய், பெண்கள் கூடையோடு பேருந்தேறி, ஊரின் இரவு வாழ்க்கை முழுவதும் நடந்து முடிந்தபின் பத்து மணிக்கு அவர் எழுந்து, சிற்பக் கூடங்களின் உளிச் சத்தம் தூக்கத்தைக் கெடுத்துவிட்டதாக ஹாஸ்டல் நிர்வாகியிடம் முறையிடுகிறார்.

ஆண்டில் ஓர் இரவு மட்டும் இந்த முறைமை தவறும். மாசி மகத்தையொட்டிய முழுநிலவில், செங்கல்பட்டு, திருவள்ளூர் உள்ளிட்ட பல மாவட்டங்களிலிருந்தும் இருளர் பழங்குடியினர் குடும்பம் குடும்பமாக மாமல்லபுரக் கடற்கரைக்கு வந்து, சேலைகளைக் கட்டிக் கூடாரம் அமைத்து, மணலிலேயே சமைத்து உண்டு தங்குவர். கடலில் தங்கள் கன்னியம்மன் எழுந்தருளுவதாக நம்பி, இரவெல்லாம் பாடி, அருள்வந்து ஆடி, விடியலில் அம்மனுக்குப் படைத்து, அதே மணலில் திருமணமும் முடியிறக்கலும் காதுகுத்தும் நடத்துவர். முன்பதிவும் முகவரும் நுழைவுச்சீட்டும் இல்லாமல், ஒரு மூட்டையில் உடைமையை அடக்கிக்கொண்டு வருகிற இப்பயணம், முதுகுப்பையர் வகுத்த இலக்கணத்துக்கு முழுமையாகப் பொருந்துகிறது. விடுதிக்குத் திரும்பும் வழியில் வெளிச்சத்தைக் கண்டு மணலில் இறங்கும் அவர், கைப்பட்டை எங்கே வாங்கவேண்டும் என்று முதலில் விசாரிப்பார்; இசைவிழாக்களில் பணம் கட்டியவரை அடையாளம் காண மணிக்கட்டில் கட்டும் காகிதத் துண்டு அது. அடுப்பின் முன் அமர்ந்திருக்கும் மூதாட்டி அவரை மேலும் கீழும் பார்த்து, "தனியாவா வந்த தம்பி? வூட்ல யாரும் வரலியா?" என்று கேட்பார். தனிப்பயணத்தின் தத்துவத்தை அவர் தொடங்கும்போது, "இம்மாம் பெரிய பை, ஒரு ஆளுக்கா?" என்பது அடுத்த கேள்வியாக வரும். இரண்டுக்கும் விடை தோன்றாமல், நீட்டிய கிண்ணத்தை வாங்கி உண்டுவிட்டு அவர் அறைக்குச் செல்வார்.

திங்கட்கிழமை நிறுவனப் பேருந்தில் அமர்ந்து அவர் ஹாஸ்டலுக்கு எழுதும் மதிப்புரையில், கடல் நன்று, கற்கள் பழையவை, சனிக்கிழமை இரவு கடற்கரையில் பெருங்கூட்டம் பாடிக்கொண்டிருந்ததால் தூக்கமில்லை, இரவு வாழ்க்கை அறவே கிடையாது என்ற குறிப்புகள் இடம்பெறும். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். அவற்றுள் ஒன்று பான்கேக்குக்கு.