கண்டுபிடித்ததற்கும் கூலி

செல்ஃப் நன்றாக அடிக்கிறது, இன்ஜின் மட்டும் பிடிக்க மாட்டேன் என்கிறது. பெட்ரோல் காரில் இப்படி ஆனால் பெரும்பாலும் ஸ்பார்க் வரவில்லை, இல்லையென்றால் பெட்ரோல் வரவில்லை. பெட்ரோல் பக்கம் என்றால் சந்தேகம் நேராக ஃப்யூவல் பம்ப் மேல் போய் விழும். அந்தப் பம்ப் இருக்கும் இடம், வேலை செய்யும் விதம், விலை எல்லாமே என் கண்ணெதிரே மாறிவிட்டன. கழற்றுவதற்கு முன் சோதித்துப் பார்க்கும் ஒழுங்கு மட்டும் மாறக் கூடாது என்று நினைக்கிறேன்.

1980களில் கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டில் இருந்தது அம்பாசிடர். அதன் பம்ப் இன்ஜினின் பக்கவாட்டில் இரண்டு போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். கேம் ஷாஃப்ட் சுற்றச் சுற்ற பம்பின் கை அசையும். உள்ளே டயஃப்ரம் மேலும் கீழும் போகும். வண்டியின் பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சிக் கார்புரேட்டருக்கு அனுப்பும். மின்சாரத்துக்கு அங்கே வேலையே இல்லை. அழுத்தமும் கால் பார் அளவுக்குத்தான் இருக்கும்.

உறிஞ்சும் பம்புக்கு வெயில் ஆகாது. ஆனித் திருமஞ்சனத்துக்குச் சிதம்பரம் கிளம்பினால், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டும்போதே இன்ஜின் திணறும். சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். பம்ப் ஆவியை இழுத்துக்கொண்டு கிடக்கும். டிரைவர் பேனட்டைத் தூக்கி, பம்ப் மேல் ஈரத்துணியைச் சுற்றி, புளியமரத்தடியில் கொஞ்ச நேரம் நிறுத்திவைப்பார். சூடு தணிந்ததும் வண்டி கிளம்பும். இது பம்பின் பழுது அல்ல என்பது அன்றைய டிரைவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் யாரும் பம்பைக் கழற்ற ஓடவில்லை.

உண்மையிலேயே பழுது என்றால் எங்கள் வண்டியைப் பார்க்கும் முதுநகர் மெக்கானிக் மேஸ்திரியின் வரிசையே தனி. முதலில் டிப் ஸ்டிக்கை உருவி முகர்ந்து பார்ப்பார். ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்தால் டயஃப்ரம் கிழிந்து பெட்ரோல் இன்ஜினுக்குள் இறங்குகிறது என்று அர்த்தம். அடுத்து, கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, "செல்ஃப் அடிங்கண்ணே" என்பார். பெட்ரோல் விட்டு விட்டுப் பீய்ச்சி அடித்தால் பம்ப் சரி, சொட்டினால் சரியில்லை. பம்பின் அடியிலிருக்கும் கை லிவரையும் அசைத்துப் பார்ப்பார். அது பிடிமானம் இல்லாமல் ஆடினால் உடனே பம்பைக் குறை சொல்ல மாட்டார். கேம் மேடு பம்பின் கையைத் தூக்கிப் பிடித்திருந்தாலும் லிவர் அப்படித்தான் ஆடும். இன்ஜினைக் கொஞ்சம் சுற்றிவிட்டு மறுபடி அசைப்பார். கடைசியில்தான் ஸ்பேனர். பம்பின் வடிகட்டி வலையைக் கழுவி, புது டயஃப்ரமும் வால்வும் போட்டு, அதே பம்பைத் திரும்பப் பூட்டுவார்.

1983இல் வந்த மாருதி 800 முதலில் கார்புரேட்டரோடுதான் ஓடியது. புகைக் கட்டுப்பாடுகள் இறுகிய பிறகு, 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் இன்ஜெக்டர் வந்து கார்புரேட்டரை வெளியேற்றியது. அம்பாசிடர் உற்பத்தியும் 2014 மே மாதத்தோடு நின்றுபோனது. இன்ஜெக்டர் பொடிப்பொடியாகத் தெளிக்கப் பெரும்பாலான கார்களில் 3 முதல் 4 பார் அழுத்தம் வேண்டும். அதற்காகப் பம்ப் மின்மோட்டாராகி டேங்குக்குள்ளேயே இறங்கிவிட்டது. அது உறிஞ்சி இழுப்பதில்லை, உள்ளிருந்து தள்ளுகிறது. குழாயில் பெட்ரோல் லேசில் ஆவியாவதில்லை. ஈரத்துணிக்கு இனி வேலை இல்லை. சுற்றியிருக்கும் பெட்ரோல்தான் அந்த மோட்டாரைக் குளிர வைக்கிறது. எப்போதும் டேங்கை வற்றவிட்டே ஓட்டினால் பம்பின் ஆயுள் குறையும்.

என்னுடைய இப்போதைய கார் பி.முட்லூர் அருகே ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் இழுவை இல்லாமல் திணற ஆரம்பித்தது. முதலில் காட்டிய இடத்தில், கார் பக்கம் வராமலேயே, "பம்ப் போயிருச்சு சார், செட்டா மாத்திடலாம்" என்றார்கள். செட் என்றால் பல ஆயிரம் ரூபாய். நான் சிதம்பரத்தில் வேறொரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன்.

அங்கிருந்த தம்பி கதவைச் சாத்தி, ஏசியை நிறுத்தி, சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்பினார். பின் சீட்டுக்கு அடியில் ஓரிரு வினாடி ஒரு ரீங்காரம் கேட்டு அடங்கியது. மோட்டார் சுற்றுகிறது. சத்தம் கேட்கவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, வயரிங் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் பம்புக்கு வர வேண்டும் என்று சொன்னார். பின் சீட்டைத் தூக்கி, கனெக்டரில் மீட்டர் வைத்தார், வோல்டேஜ் சரி. எர்த்தையும் சோதித்தார். கடலோரத்து உப்புக்காற்றில் எர்த் துருப்பிடித்தாலே பம்ப் சோர்ந்துபோகும். அப்புறம் பெட்ரோல் அழுத்தம் பார்க்கும் கேஜை மாட்டி இன்ஜினை ஓடவிட்டார். முள் இருக்க வேண்டிய இடத்துக்கு வெகு கீழே நின்றது. அதைக் காட்டிய பிறகுதான், "பம்ப்தான் சார்" என்றார்.

மாற்றிய விதமும் நிதானம். பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கி, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டுக் குழாய் அழுத்தத்தை இறக்கினார். பேட்டரியைக் கழற்றினார். டேங்கின் மேலிருக்கும் பம்ப் மூடியைச் சுற்றியிருந்த மண்ணைத் துடைத்தெடுத்தார்; இல்லாவிட்டால் அது நேராக டேங்குக்குள் விழும். வெளியே எடுத்த பம்பின் அடிச்சல்லடையில் பழுப்பாகப் பிசின் மாதிரி அப்பியிருந்தது. அதற்கு அடியில் டேங்கில் தண்ணீர் முத்துக்கள் தெரிந்தன. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் அளவு மீறினால், அது எத்தனாலையும் சேர்த்துக்கொண்டு அடியில் பிரிந்து நிற்கும். பம்ப் வாய் வைத்திருப்பதும் அங்கேதான். டேங்கைக் கழுவி, புதுப் பம்ப், புதுச் சல்லடை, புது ஓ-ரிங் போட்டு, கசிவு இல்லை என்று பார்த்த பிறகே சீட்டை மாட்டினார். டேங்கைக் கழுவாமல் பம்பை மட்டும் மாற்றியிருந்தால் புதுசும் சீக்கிரமே அடைத்திருக்கும்.

முதுநகர் மேஸ்திரிக்கு இருந்தது மூக்கும் பாட்டிலும். இந்தத் தம்பிக்கு இருப்பது மீட்டரும் கேஜும். இரண்டு பேருமே நிரூபித்த பிறகுதான் ஸ்பேனரைத் தொட்டார்கள். மாறியது நாம் காசு கொடுக்கும் முறை. அன்று பம்பைப் பிரித்துச் சரிசெய்ததால் கூலிக்குள்ளேயே கண்டுபிடித்த வேலையும் அடங்கியது. இன்று பம்ப் ஒரு மூடிய செட். மூளைக்கு வேலை இருப்பது கண்டுபிடிப்பதில்தான். அதற்குப் பணம் கேட்டால், "சும்மா பார்த்ததுக்கா?" என்கிறோம். பார்த்ததற்குக் கூலி கிடைக்காத மெக்கானிக், பார்ட் மாற்றித்தானே பிழைக்க வேண்டும்? தேவையில்லாத பம்புக்கு நாம் கொடுக்கும் ஆயிரங்கள், கொடுக்க மறுத்த சில நூறுகளின் வட்டி.

அடுத்த முறை யாராவது பம்ப் போய்விட்டது என்றால், கரண்ட் வருகிறதா, எர்த் சரியா, அழுத்தம் எத்தனை பார் என்று கேளுங்கள். மூன்றுக்கும் மீட்டரையும் கேஜையும் காட்டிப் பதில் சொல்கிறவருக்கு, பம்பை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும், கண்டுபிடித்த கூலியைத் தனியாக எண்ணிக் கொடுங்கள்.